சொல்லில் நிற்கும் உயரம்

நிலத்திலே செல்லும் வண்டிக்கு வீதி கண்ணுக்குத் தெரிகிறது. கடலிலே செல்லும் கப்பலுக்குக் கலங்கரை விளக்கமும் மிதவையும் வழிகாட்டுகின்றன. வானத்திலே செல்லும் விமானத்துக்கோ பாதையின் ஓரமும் இல்லை, தளமும் இல்லை. “இத்தனை அடி உயரத்திலே செல்க” என்று நிலத்திலிருந்து ஒருவர் கூறுகிறார். “அவ்வாறே செல்கிறேன்” என்று மேலிருந்து மற்றொருவர் மறுமொழி பகர்கிறார். இந்த இரு கூற்றுகளையும் நம்பியே நூற்றுக்கணக்கான மக்கள் தமது இருக்கைகளிற் சாய்ந்து கண்ணயர்கின்றனர்.

விமானம் தனக்குக் குறிக்கப்பட்ட உயரத்தைவிட்டு விலகும்போது, பொறி பழுதடைந்திருக்கும் என்றே நாம் முதலில் எண்ணுவோம். ஆனால், இக்கட்டுரையில் நாம் நோக்கப்போகும் நிகழ்ச்சிகளில் இறக்கையும் முறியவில்லை, இயந்திரமும் நிற்கவில்லை. பழுதடைந்தது சொல். மொழியைக் கற்பிப்போரும் கற்போரும் இதனைச் சற்று ஆழ்ந்து சிந்தித்தல் தகும்.

ஐந்தும் பதினைந்தும்

2022 ஆம் ஆண்டு டிசெம்பர் 18 ஆம் நாள். ஹவாய்த் தீவுகளுள் ஒன்றாகிய மாவுயியில் உள்ள ககுலுயி விமான நிலையத்திலிருந்து போயிங் 777 ரக விமானம் ஒன்று சான் பிரான்சிஸ்கோ நகரை நோக்கிக் கிளம்பிற்று. உள்ளே இருந்தோர் 281 பேர். வெளியே மழையும் மேகமும். விமானம் மேலெழும் வேளையில் இறக்கையின் பின்விளிம்பிலுள்ள தகடுகள் விரிந்திருக்கும். வேகம் கூடக்கூட அவற்றைப் படிப்படியாக மடக்குவது வழக்கம். அவ்வாறு மடக்கும் வேளையில் தலைமை விமானி ஆங்கிலத்தில் ‘ஐந்து’ என்றார். அருகே அமர்ந்திருந்த துணை விமானியின் செவியில் அது ‘பதினைந்து’ என்று விழுந்தது. அவர் தாம் கேட்டவாறே பதினைந்தில் நெம்புகோலை நிறுத்தினார்.

மடங்கவேண்டிய அளவுக்குத் தகடுகள் மடங்காமையால், அந்நிலைக்கு உரிய வேக வரம்பை விமானம் நெருங்கியது. தலைமை விமானியின் கவனம் முழுவதும் வேகத்தின் மீது சென்றது. வேகத்தை அடக்க முயன்றவர், விமானத்தின் முகம் கீழ்நோக்கித் திரும்பியதை உடனே உணர்ந்திலர். சுமார் 2,100 அடிவரை ஏறியிருந்த விமானம், ஏறுவதற்குப் பதிலாக இறங்கத் தொடங்கிற்று. தரையை நெருங்குவதை அறிவிக்கும் கருவி கூவியது. விமானிகள் விமானத்தின் முகத்தை உயர்த்தி, மீண்டும் மேலே கொண்டு சென்றனர். அப்போது கடலுக்கும் விமானத்துக்கும் இடையே எஞ்சியிருந்தது சுமார் 748 அடி. ஒருவருக்கும் காயமில்லை. விமானம் தன் ஊர் சென்று சேர்ந்தது.

அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை 2023 இல் வெளியிட்ட அறிக்கை, தகடுகளின் நிலை குறித்து விமானிகளிடையே நிகழ்ந்த இப்பிழைப் பரிமாற்றத்தையும், அதன்பின் விமானத்தின் பாதையையும் வேகத்தையும் அவர்கள் உரியவாறு கையாளாமையையும் காரணமாகக் காட்டியது. அந்த இரு விமானிகளும் அனுபவம் அற்றவர்கள் அல்லர். அவர்தம் பறப்பு நேரங்களைக் கூட்டினால் ஏறத்தாழ 25,000 மணி நேரம் வரும். ஆயினும் ஆங்கிலத்தில் ஒலியால் நெருங்கிய இரண்டு எண்கள், இரண்டாயிரம் அடிக்குச் சற்று மேற்பட்ட உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கை விழுங்கிவிட்டன.

உயரம் என்பது யாது?

விமானம் தன் உயரத்தை எவ்வாறு அறிகிறது என்பதை இங்கு விளங்கிக்கொள்ளல் வேண்டும். மேலே செல்லச்செல்லக் காற்றின் அழுத்தம் குறைகிறது. அவ்வழுத்தத்தை அளந்து, அதனை அடிக்கணக்காகக் காட்டுவதே உயரமானி. ஆனால், காற்றின் அழுத்தம் ஊருக்கு ஊர், நாளுக்கு நாள் மாறுவது. ஆகவே குறித்த ஓர் உயரத்துக்கு மேலே செல்லும் விமானங்கள் யாவும், உண்மையான அழுத்தம் எதுவாயினும், 1013.25 ஹெக்டோபஸ்கால் என்னும் பொது அளவையே அடிப்படையாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பது உலக வழக்கு. அப்போது கருவி காட்டும் உயரம் கடல்மட்டத்திலிருந்து மெய்யாக உள்ள உயரமாக இராமற் போகலாம். ஆயினும் எல்லா விமானங்களும் ஒரே அளவையைக் கொள்வதால், ஒன்றுக்கொன்று உள்ள இடைவெளி கெடாது.

எனவே வானத்தில் உயரம் என்பது பெரும்பாலும் ஓர் உடன்பாடு. அவ்வுடன்பாட்டிலே ஒரு விமானத்துக்கும் அதன் மேலோ கீழோ செல்லும் மற்றொன்றுக்கும் இடையே விடப்படும் வெளி பெரும்பாலும் 1,000 அடி. ஏறக்குறைய 305 மீற்றர். ஊர்க் கோயிற் கோபுரங்கள் சிலவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் அந்த வெளி நிரம்பிவிடும். பெரிய விமானம் ஒன்று அதனைச் சில விநாடிகளிற் கடந்துவிடக் கூடும்.

திருப்பிச் சொல்லியும் கேளாமை

சொல் வழுவாதிருக்க விமானத் துறையினர் கண்ட முதல் உபாயம், கேட்டதைத் திருப்பிச் சொல்லுதல். கட்டுப்பாட்டாளர் ஓர் உயரத்தைக் கூறினால், விமானி அதே எண்ணைத் தம் வாயால் மீண்டும் கூறவேண்டும். பாடசாலையில் ஆசிரியர் சொல்ல மாணவர் திருப்பிச் சொல்லும் பழைய முறையே இது. ஆயின், திருப்பிச் சொல்வதை ஆசிரியர் செவிமடுக்காவிடின் அம்முறையால் யாது பயன்?

1989 ஆம் ஆண்டு பெப்ரவரி 19 ஆம் நாள், சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூருக்குச் சரக்கு ஏற்றிச் சென்ற போயிங் 747 விமானம் ஒன்று தரையிறங்க அணுகிக்கொண்டிருந்தது. கட்டுப்பாட்டாளர் அதனை 2,400 அடிக்கு இறங்குமாறு பணித்தார். எண்ணை ஒவ்வோர் இலக்கமாக, ‘இரண்டு, நான்கு, சுழி, சுழி’ என்று ஆங்கிலத்தில் உச்சரித்தார். ஆங்கிலத்தில் ‘இரண்டு’ என்னும் எண்ணும், நம் நான்காம் வேற்றுமை உருபாகிய ‘கு’ என்பதன் பொருள் தரும் சிறு சொல்லும் ஒரே ஒலியின. ஆதலால் ‘இரண்டு நான்கு சுழி சுழி’ என்றது, விமானிகளின் செவியில் ‘நான்கு சுழி சுழிக்கு இறங்குக’ என்றாயிற்று. 2,400 அடி 400 அடியாகத் தேய்ந்தது. விமானிகள் தாம் கேட்டபடியே ‘நான்கு சுழி சுழி’ என்று திருப்பிச் சொல்லவும் செய்தனர். அப்பிழையை எவரும் திருத்தவில்லை. விமானத்திலிருந்த எச்சரிக்கைக் கருவி ஒலித்தபோதும் அதற்குச் செவிசாய்க்கப்படவில்லை. 400 அடியைச் சற்றே விஞ்சி நின்ற ஒரு குன்றில் மோதி விமானம் சிதைந்தது. அதிலிருந்த நால்வரும் மாண்டனர்.

இலக்கணம் பயின்றோர் இந்நிகழ்ச்சியை எளிதில் மறவார். ஓர் உருபுக்கும் ஓர் எண்ணுக்கும் இடையே நேர்ந்த மயக்கம், 2,000 அடி வெளியையும் நான்கு உயிர்களையும் கொண்டு சென்றது.

சார்க்கி தாத்ரி

இதனினும் பெருந்துயர் நம் அயல்நாடாகிய இந்தியாவில் நிகழ்ந்தது. 1996 ஆம் ஆண்டு நவம்பர் 12 ஆம் நாள் மாலை 6.30 மணி கடந்த வேளை, சவூதி அரேபிய விமான நிறுவனத்தின் போயிங் 747 ஒன்று 312 பேருடன் டில்லியிலிருந்து தஹ்ரான் நகரை நோக்கி மேலெழுந்தது. தொழில் தேடிப் பாலைவன நாடுகளுக்குச் செல்லும் எளிய மக்கள் பலர் அதிலிருந்தனர். அதே வேளை, கசகஸ்தான் நாட்டு இல்யூஷின் 76 விமானம் ஒன்று 37 பேருடன் டில்லியை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. அதில் வந்தவர்களிற் சிலர் சரக்கு வாங்க வந்த வணிகர்.

அக்காலத்தில் அப்பகுதியின் வான்வெளியிற் பெரும்பாகம் விமானப் படையினர்க்கு ஒதுக்கப்பட்டிருந்தது. ஆகையால் வரும் விமானங்களும் போகும் விமானங்களும் ஒரே வான்வழியிற் செல்ல நேர்ந்தது. கட்டுப்பாட்டாளர் ஏறும் விமானத்தை 14,000 அடியில் நிற்குமாறும், இறங்கும் விமானத்தை 15,000 அடியில் நிற்குமாறும் பணித்தார். எதிரெதிரே வரும் இரு விமானங்களுக்கும் இடையே ஓராயிரம் அடி. விதிப்படி இது போதுமானது.

கசகஸ்தான் விமானம் 15,000 அடியை அடைந்துவிட்டதாக வானொலியில் அறிவித்தது. ஆனால், அப்போதே அது 14,500 அடிக்குத் தாழ்ந்திருந்தது. மேலும் தாழ்ந்துகொண்டும் இருந்தது. சொல் ஓர் உயரத்திலும் விமானம் வேறோர் உயரத்திலும் நின்றன. எதிரே 14 மைல் தொலைவில் சவூதி விமானம் வருகிறதென்றும், கண்டால் அறிவிக்குமாறும் கட்டுப்பாட்டாளர் எச்சரித்தார். தொலைவு எவ்வளவு என்று விமானத்திலிருந்து மீண்டும் கேட்கப்பட்டது. அவர் மீண்டும் கூறினார். எதிரே வரும் விமானத்தின் உயரத்தையும் கூறினார். பார்த்துக்கொண்டிருப்பதாக மறுமொழி வந்தது. இரண்டொரு நிமிடத்தில் அவர் முன்னிருந்த ராடார்த் திரையில் இரு புள்ளிகளும் ஒன்றாயின. பின்னர் இரண்டும் மறைந்தன.

ஹரியானா மாநிலத்தில் சார்க்கி தாத்ரி என்னும் ஊருக்கு அண்மையில், மேகத்தினுள்ளே, அவ்விரு விமானங்களும் மோதிக்கொண்டன. 349 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. வானில் விமானங்கள் மோதிய விபத்துகளுள் இன்றுவரை இதுவே மிகப் பெரிது.

பின்னாளில் இந்தியாவின் பிரதம நீதியரசராக விளங்கிய ஆர். சி. லகோட்டி, அப்போது டில்லி மேல் நீதிமன்ற நீதியரசராக இருந்து இவ்விபத்தை விசாரித்தார். கசகஸ்தான் விமானம் தனக்குக் குறிக்கப்பட்ட உயரத்தை விட்டு இறங்கியதே காரணம் என்பது அவரது முடிபு. அவ்விமானத்தார்க்கு ஆங்கிலப் பயிற்சி போதாமை ஒரு குறையாகச் சுட்டப்பட்டது. நிலத்துடன் பேசும் பொறுப்பு முழுவதும் வானொலி இயக்குநர் ஒருவரையே சார்ந்திருந்தது. அவரோ விமானிகளுக்குப் பின்னே அமர்ந்திருந்தார். உயரத்தைக் காணவேண்டின் விமானிகளின் தோள்மேலாக எட்டிப் பார்க்க வேண்டிய நிலை. சொல்லைக் கேட்டவர் உயரமானியின் முன் இல்லை. உயரமானியின் முன் இருந்தவர்கள் சொல்லை நேரே கேட்டு விளங்கியவர்கள் அல்லர்.

இறுதிக் கணங்களில் வானொலி இயக்குநர் பிழையை உணர்ந்தார். மேலே ஏறுமாறு கூறினார். விமானியும் இயந்திரத்தை முடுக்கினார். சிறிது ஏறிய அந்த விமானம் சவூதி விமானத்தின் இடப்புற இறக்கையை அறுத்தது. ஏறாது சென்றிருந்தால் ஒருவேளை அதன் கீழாகக் கடந்து போயிருக்கும் என்று விபத்தை ஆராய்ந்தோர் கருதுவர். பிழையைத் திருத்த எடுத்த முயற்சியே மோதலுக்கு இடமாயிற்று என்பது நெஞ்சை உருக்குகிறது.

யார் பிழை?

குறிக்கப்பட்ட உயரத்தை விட்டவர் மீது குற்றம் சார்த்துதல் எளிது. நீதி நோக்கில் அது சரியுங்கூட. ஆயினும் அதனோடு நின்றுவிட்டால் நாம் கற்கவேண்டியது பாதி எஞ்சிவிடும். டில்லியில் அப்போது பயன்பாட்டிலிருந்த ராடார், விமானம் எந்தத் திசையில், எவ்வளவு தொலைவில் உள்ளது என்பதை மாத்திரமே காட்டியது. உயரத்தைக் காட்டவில்லை. விமானி ‘15,000’ என்றால் கட்டுப்பாட்டாளருக்கும் அது 15,000. சரிபார்க்க வேறு வழியில்லை. ஒரே வான்வழி, உயரம் காணாத ராடார், ஒருவர் காதை நம்பிய விமானி அறை என்னும் மூன்றும் கூடிய இடத்தில், 349 உயிர்களுக்கும் காவலாக இருந்தது ஒரு மனிதர் ஒரு வாக்கியத்தைச் சரியாக விளங்கிக்கொள்ளுதல் மாத்திரமே. அத்தகைய காவல் என்றோ ஒருநாள் உடையக்கூடியது. உடைத்தவரைக் கண்டிக்கும்போது, ஒரே காவலை மட்டும் வைத்த ஏற்பாட்டையும் கண்டித்தல் வேண்டும்.

விபத்தின் பின்னரே பல காவல்கள் வந்தன. டில்லியில் வரும் வழியும் போகும் வழியும் வேறாக்கப்பட்டன. விமானத்தையே வினவி அதன் உயரத்தைத் திரையில் எழுதிக் காட்டும் ராடார் பயன்பாட்டுக்கு வந்தது. மோதல் தவிர்ப்புக் கருவி பொருத்திய விமானங்களே இந்திய வானில் பறக்கலாம் என்று விதிக்கப்பட்டது. விமானிகளும் கட்டுப்பாட்டாளர்களும் ஆங்கிலம் பேசி விளங்கும் திறனை ஆறு படிகளாக வகுத்து, நான்காம் படியையேனும் எய்த வேண்டும் என்று சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து நிறுவனம் 2003 இல் முடிவு செய்தது. 2008 இல் அவ்விதி நடைமுறைக்கு வந்தது. மொழித் தேர்ச்சி மனிதரின் உயிரைக் காக்கும் தகைமை என்று உலகம் முழுவதும் எழுத்தில் ஏற்றுக்கொள்ளப்பட்ட நிகழ்ச்சி இது.

ஆனால், கருவியின் சொல்லும் மனிதரின் சொல்லும் முரண்பட்டால் என் செய்வது? 2002 ஆம் ஆண்டு ஜூலை 1 ஆம் நாள் ஜெர்மனியின் ஊபர்லிங்கன் நகருக்கு மேலே இக்கேள்வி எழுந்தது. ரஷ்யப் பயணிகள் விமானம் ஒன்றைக் கட்டுப்பாட்டாளர் இறங்கச் சொன்னார்; அதனுள் இருந்த மோதல் தவிர்ப்புக் கருவியோ ஏறச் சொன்னது. விமானி மனிதரின் சொல்லைக் கேட்டு இறங்கினார். எதிரே வந்த சரக்கு விமானம் தன் கருவியின் சொல்லைக் கேட்டு அதுவும் இறங்கிற்று. 71 பேர் மாண்டனர், அவர்களிற் பலர் சிறுவர். அதன் பின்னரே, இரண்டும் முரண்படின் கருவியின் சொல்லையே கேட்க வேண்டும் என்னும் விதி ஐயத்துக்கு இடமின்றி உறுதி செய்யப்பட்டது.

சொல்லத் துணிந்தவர்கள்

இவற்றினும் அரிய காவல் ஒன்று உண்டு. 1974 ஆம் ஆண்டு டிசெம்பர் 1 ஆம் நாள், வாஷிங்டன் நகருக்கு அண்மையில் தரையிறங்க வந்த விமானம் ஒன்று, வேர்ஜீனியா மாநிலத்து மலையொன்றில் மோதி 92 பேர் இறந்தனர். தரையிறங்க அணுகுவதற்கு அனுமதி அளிக்கப்பட்டதும், உடனே இறங்கலாம் என்று விமானிகள் பொருள் கொண்டனர். மலையைக் கடக்கும்வரை உயரத்தைக் காத்துக்கொள்வது விமானிகளின் பொறுப்பு என்று கட்டுப்பாட்டாளர் எண்ணியிருந்தார். ஒரே தொடர், இரு பொருள்.

இதனினும் துயரமானது பின்னர் வெளிவந்த செய்தி. அதற்கு ஆறு வாரங்களுக்கு முன்னர், வேறொரு நிறுவனத்தின் விமானிகள் அதே இடத்தில் அதே சொல்லுக்கு அதே பொருள் கொண்டு இறங்கி, மயிரிழையிற் தப்பியிருந்தனர். அவர்கள் அதைத் தம் நிறுவனத்திடம் கூறியுமிருந்தனர். அந்நிறுவனத்தின் விமானிகள் எச்சரிக்கப்பட்டனர். மற்ற நிறுவனங்களின் விமானிகளுக்கு அச்செய்தி எட்டவில்லை.

இந்த இடைவெளியை அடைக்கவே 1976 இல் அமெரிக்க விண்வெளி நிறுவனமாகிய நாசாவின் பொறுப்பில் ஓர் ஏற்பாடு தொடங்கிற்று. தான் செய்த பிழையை விமானி எழுதி அனுப்பலாம். பெயர் வெளிவராது. அவர் எழுதியது அவரைத் தண்டிக்கப் பயன்படாது. அவ்வாறு வந்த மடல்களிற் பெருந்தொகையானவை, குறித்த உயரத்தை விட்டு விலகியமை பற்றியவை. அவற்றை ஒப்புநோக்கியபோதே, விமானிகள் மிக அடிக்கடி மயங்கும் எண்கள் பத்தாயிரமும் பதினோராயிரமும் என்பது தெரியவந்தது. எந்த ஒரு விமானியும் தன் பிழையொன்றைக் கொண்டு இதனை அறிந்திருக்க முடியாது. பலர் அஞ்சாது சொன்னமையால், எல்லோரும் அறிந்தனர்.

மாவுயி நிகழ்ச்சிக்கு இப்போது மீள்வோம். பாதுகாப்புச் சபை விசாரணையைத் தொடங்கியபோது ஏறக்குறைய இரண்டு மாதங்கள் கழிந்துவிட்டன. விமானி அறையின் ஒலிப்பதிவு அதற்குள் அழிந்து, அதன்மேல் வேறு பயணங்களின் பேச்சுப் பதிவாகிவிட்டது. ‘ஐந்து’ என்று ஒருவர் சொன்னதும் ‘பதினைந்து’ என்று மற்றவர் கேட்டதும் அவ்விருவரின் வாக்குமூலத்தினாலேயே நமக்குத் தெரிகின்றன. அவர்கள் மறைத்திருந்தால், 748 அடி என்பது காரணம் விளங்காத ஓர் எண்ணாகவே இருந்திருக்கும்.

வகுப்பறையில் ‘விளங்கிற்றா?’ என்று ஆசிரியர் வினவ, ‘விளங்கிற்று’ என்று மாணவர் ஒருமித்துக் கூறுவதை நாம் நாள்தோறும் கேட்கிறோம். 15,000 அடியில் நிற்பதாக அறிவித்த அந்த வானொலிக் குரலைப் போன்றதே அம்மறுமொழி. அதனை நம்பி அப்பாற் செல்லுதல் ஆசிரியருக்கு எளிது. ‘எனக்கு விளங்கவில்லை’ என்று எழுந்து சொல்லுதல் மாணவனுக்கு அரிது. அப்படிச் சொல்பவனை ஏளனம் செய்யாத வகுப்பறையும், தவறாகக் கேட்டதை ஒப்புக்கொண்டவரைத் தண்டியாத விமானத் துறையும் ஒரே அறத்தின்மீது நிற்பவை. விமானத் துறை அந்த அறத்தைப் பெரும் விலை கொடுத்துக் கற்றது.

இன்று விமானி அறையில், புதிய உயரம் ஒன்று வானொலியில் வந்ததும் ஒருவர் அதனைத் திருப்பிச் சொல்கிறார். எண் கருவியில் இடப்படுகிறது. இடப்பட்ட எண்ணை மற்றவர் உற்று நோக்கி, தம் வாயால் உரக்கப் படித்து உறுதி செய்கிறார். நிறுவனங்கள் பலவற்றில் இருவரும் விரலால் அதனைச் சுட்டிக்காட்டுவதும் விதி. பல்லாயிரம் மணி நேரம் பறந்தவர்கள், அரிச்சுவடி படிக்கும் பிள்ளைகளைப் போல ஓர் எண்ணை விரல்வைத்துப் படிப்பதைக் காண்பவர்க்கு நகைப்புத் தோன்றலாம். அவர்கள் நாணுவதில்லை. படித்து முடித்த பின்னரே விமானம் ஏறுகிறது.